பையா, பெட்டியா, பந்தலா: குழந்தைகளோடு மாடித்தோட்டம் போடும்போது எதை முதலில் செய்வது?

பள்ளி வயதுக் குழந்தைகளோடு சேர்ந்து மொட்டை மாடியில் காய்கறி வளர்க்க வேண்டும், கூடவே கொஞ்சம் தச்சு வேலையும் பழக்க வேண்டும் என்று நினைக்கும் பெற்றோருக்கு மூன்று வழிகள் உண்டு. கடையில் வளர்ப்புப் பைகளை வாங்கிவந்து நேரே விதைத்துவிட்டு, மரவேலையை வேறொரு விடுமுறைக்குத் தனியாக ஒதுக்கிவைப்பது ஒன்று. முதலில் மரப்பெட்டிகளைச் செய்து முடித்து, மண் நிரப்பி, அதன் பிறகே விதைப்பது இரண்டாவது. பைகளில் விதைத்துவிட்டு, செடி வளர வளர அதற்கு வேண்டிய மரச்சாமான்களை ஒவ்வொன்றாகச் செய்துகொண்டு போவது மூன்றாவது. நான் இரண்டாவதில் தொடங்கிச் சறுக்கி, முதலாவதற்குத் தாவி, மூன்றாவதில் நிலைகொண்டவள். தாம்பரத்துக்குத் தெற்கே ஒரு மாடி வீடு. தொடங்கியபோது மகளுக்கு வயது 9, மகனுக்கு 6. ஆகவே இந்த ஒப்பீடு சென்னைச் சுற்றுப்புறத்து வெயிலையும் ஐப்பசி மழையையும் மனத்தில் வைத்து எழுதப்படுவது. உதகையிலோ கொடைக்கானலிலோ இருப்பவர்கள் பயிர்ப் பட்டியலை மாற்றிக்கொள்ள வேண்டியிருக்கும்.

செலவைக் கொண்டு இந்த மூன்றையும் ஒப்பிடுவதில் பெரிய பயன் இல்லை. சிறிய அளவில் தொடங்கினால் மூன்றுக்கும் ஆகும் பணத்தில் மலைக்கும் மடுவுக்குமான வேறுபாடு கிடையாது. ஒப்பிட வேண்டியவை வேறு இரண்டு. முதல் நாளே குழந்தையின் கைக்கு உண்மையான வேலை கிடைக்கிறதா என்பது ஒன்று. அந்த வேலையின் பலன் கண்ணில் படுவதற்கு எத்தனை நாள் காத்திருக்க வேண்டும் என்பது மற்றொன்று. பெரியவர்கள் இரண்டு மாதம் காத்திருப்பார்கள். ஆறு வயதுப் பையன் விதைத்த மறுநாள் காலையிலேயே மண்ணைக் கிளறி விதை எங்கே போயிற்று என்று பார்ப்பான்.

வளர்ப்புப் பை வழியில் இந்த இரண்டாவது கேள்விக்கு நல்ல விடை கிடைக்கிறது. சிறுகீரையைப் பொடி மணலோடு கலந்து தூவினால் மூன்று நான்கு நாளில் பச்சை தெரியும். 25 நாளில் வேரோடு பிடுங்கிக் குழம்புக்குக் கொடுத்துவிடலாம். வெண்டை ஐந்து நாளில் முளைக்கும். 45 நாளில் முதல் காய். முள்ளங்கியும் ஏறக்குறைய அதே கணக்குத்தான். ஆனால் மண்ணுக்குள்ளிருந்து இழுக்கும்போது என்ன அளவு வரும் என்று தெரியாத அந்த ஒரு நொடிக்காகவே குழந்தைகள் முள்ளங்கியை விரும்புகிறார்கள், சாப்பிடுகிறார்களோ இல்லையோ. தக்காளி, கத்தரி, மிளகாய் மூன்றும் நாற்றுவிட்டுப் பிடுங்கி நடும் பயிர்கள் என்பதால் முதல் தடவைக்கு ஏற்றவை அல்ல. மிளகாய் நாற்று மட்டுமே 40 நாள் எடுத்துக்கொள்ளும்.

பைகளை வாங்குவதில் கவனிக்க வேண்டியவை அதிகமில்லை. கீரைக்கு அரை அடி ஆழம் போதும், அகலம்தான் வேண்டும். கத்தரி, தக்காளி, வெண்டைக்குக் குறைந்தது ஓர் அடி ஆழம். மெல்லிய கறுப்பு பாலித்தீன் பை ஒரு கோடையைத் தாண்டுவதே அரிது. தார்ப்பாய் போன்ற நெசவுள்ள கனமான பை நாலைந்து பருவம் உழைக்கும். தோட்டக்கலைத் துறை மானிய விலையில் தரும் மாடித்தோட்டத் தளை, அதாவது பொருள்களின் தொகுப்பு, கிடைத்தால் அதையே வாங்கிக்கொள்ளலாம். பை, தென்னை நார்க்கழிவுக் கட்டி, விதை, உயிர் உரம் எல்லாம் அதில் சேர்ந்தே வருவதால் முதல் முறை எதை வாங்குவது என்ற குழப்பம் இல்லை. பெயின்ட் வாளி, உடைந்த குடம், அரிசிச் சாக்கு ஆகியவையும் உதவும். அடியில் துளை இருந்தால் போதும். பாதியாக அறுத்து விற்கப்படும் நீல நிற டிரம்மை மட்டும் நான் சேர்ப்பதில்லை. அதில் முன்பு என்ன இருந்தது என்பதை விற்பவராலும் சொல்ல முடிவதில்லை.

விதை விஷயத்தில் ஓர் எச்சரிக்கை அவசியம். கடையில் உறையைப் பிரித்ததும் இளஞ்சிவப்பாகவோ பச்சையாகவோ சாயம் ஏறிய விதை இருந்தால், அது பெரும்பாலும் பூஞ்சணக் கொல்லி பூசப்பட்ட விதை. குழந்தைகள் கையால் எடுத்து ஊன்றப்போகும் விதை அதுவாக இருக்கக் கூடாது. மருந்து பூசாத விதை என்று கேட்டே வாங்க வேண்டும். அல்லது வீட்டில் உள்ள தனியா, வெந்தயம், கடுகிலேயே தொடங்கலாம்.

மண் கலவை தயாரிக்கும் நாள் குழந்தைகளுக்குத் திருவிழா. ஐந்து கிலோ நார்க்கழிவுக் கட்டியைப் பெரிய அண்டாவில் போட்டு நீர் ஊற்றினால் அது ஊதி 60, 70 லிட்டர் அளவுக்குப் பெருகுவதை அவர்கள் வாய் பிளந்து பார்ப்பார்கள். அந்த நீர் கறுப்பு டீ நிறத்தில் இருக்கும். நிறம் வெளுக்கும் வரை இரண்டு மூன்று முறை அலசிப் பிழிந்தால்தான் அதில் உள்ள உப்பு போகும். அலசாமல் போட்டால் நாற்றின் இலை நுனி கருகும். செம்மண் ஒரு பங்கு, நார்க்கழிவு ஒரு பங்கு, மக்கிய தொழுவுரமோ மண்புழு உரமோ ஒரு பங்கு என்ற கணக்கு எனக்கு ஒத்துவந்திருக்கிறது.

இந்தக் கலவைக்கும் வெறும் செம்மண்ணுக்கும் உள்ள எடை வேறுபாடு மாடி வீட்டில் அற்பமான செய்தி அல்ல. இரண்டடி நீளம், ஓரடி அகலம், பத்து அங்குல ஆழம் உள்ள ஒரு பெட்டி 45 லிட்டர் கொள்ளும். நனைந்த செம்மண்ணால் நிரப்பினால் அது 75 கிலோவைத் தாண்டும்; நார்க்கழிவுக் கலவை என்றால் பெரும்பாலும் 50 கிலோவுக்குள் நிற்கும். ஆள் நடமாடும் மொட்டை மாடிக்கு இந்தியக் கட்டட நெறிமுறை எடுத்துக்கொள்ளும் சுமை சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 150 கிலோ. ஆகவே நாலைந்து பெட்டிகளை நடுமாடியில் நெருக்கி வைப்பதைவிடச் சுவரோரமாகவும் அடியில் உத்திரம் ஓடும் இடத்திலும் இடைவெளி விட்டு வைப்பதே முறை. பழைய வீடாக இருந்தால் பொறியாளர் ஒருவரைக் கேட்டுக்கொள்வது இன்னும் நல்லது. செங்கல் மேல் தூக்கி வைத்தால் அடித்தளம் காற்றில் உலரும், ஒழுகலும் வராது.

பை வழியின் குறை வேறு இடத்தில் இருக்கிறது. விதைத்து, நீர் ஊற்றி முடித்ததும் குழந்தைகளுக்கு வேலை தீர்ந்துவிடுகிறது. தினமும் ஒரு குவளை நீர் ஊற்றுவது வேலைதான், ஆனால் ஒரு வாரத்தில் அது பல் துலக்குவதைப் போன்ற கடமையாகிவிடும். மூன்றாவது வாரத்தில் நீர் ஊற்றியது நான்தான்.

இனி மரப்பெட்டி. எங்கள் முதல் முயற்சி இதுதான் என்பதால் இதைப் பற்றிச் சொல்வதற்கு நிறைய இருக்கிறது, பெரும்பாலும் என் தவறுகள்.

ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர் பக்கத்துத் தொழிற்சாலைகளுக்குச் சரக்கு வந்திறங்கும் மரத் தட்டுகள், அதாவது பேலட்கள், பழசானதும் சாலையோரக் கிடங்குகளில் விலைக்கு வருகின்றன. பெரும்பாலும் பைன் மரம். மென்மையானது, எடை குறைவு, குழந்தையின் கை ரம்பத்துக்கும் வளைந்துகொடுக்கும். மரக்கடையில் புதுப் பலகை வாங்குவதோடு ஒப்பிட்டால் விலை மிகக் குறைவு. ஆனால் கண்ணை மூடிக்கொண்டு வாங்கக் கூடியது அல்ல. நாடு விட்டு நாடு போகும் மரப் பொதிகளுக்கென்று ஐ.எஸ்.பி.எம். 15 என்ற உலகளாவிய விதி இருக்கிறது. அதன்படி பதப்படுத்திய தட்டில் கோதுமைக் கதிர் படமும், நாட்டின் குறியீடும், பதப்படுத்திய முறையின் இரண்டெழுத்தும் சூடு போட்டு முத்திரையிடப்பட்டிருக்கும். ஆங்கிலத்தில் 'எச் டி' (HT) என்றிருந்தால் மரத்தின் உட்பகுதி வரை 56 டிகிரி செல்சியஸ் வெப்பம் 30 நிமிடம் ஏற்றப்பட்டது என்று பொருள். அது நமக்கு ஆகும். 'எம் பி' (MB) என்றிருந்தால் மீத்தைல் புரோமைடு என்ற நச்சு வாயுவால் புகையூட்டப்பட்டது. அதைத் தோட்டத்துக்கோ குழந்தைகள் கைக்கோ கொண்டுவரக் கூடாது. உள்நாட்டிலேயே சுற்றும் தட்டுகளில் முத்திரையே இருக்காது. முத்திரை எதுவாயினும், எண்ணெய்க் கறையோ மருந்து வாடையோ உள்ள தட்டு வேண்டாம். இன்னொன்று: வெப்பத்தில் பதப்படுத்தியது என்றால் அன்றைக்கு உள்ளே இருந்த பூச்சி செத்தது என்று மட்டுமே பொருள், பிற்பாடு கரையான் வராது என்பதற்கு அது உத்தரவாதம் அல்ல.

நான் 300 ரூபாய் கொடுத்து ஒரு தட்டு வாங்கிவந்தேன். ஞாயிற்றுக்கிழமை காலை ஒன்பது மணிக்கு இரண்டு குழந்தைகளும் சுத்தியலோடு தயாராக நின்றார்கள். தட்டைப் பிரிப்பதற்குள் மதியம் ஆகிவிட்டது. அதில் அடித்திருந்தவை சாதாரண ஆணிகள் அல்ல. முறுக்கு வெட்டிய ஆணிகள், கடப்பாரையால் நெம்பினால் பலகை பிளந்ததே தவிர ஆணி அசையவில்லை. துருப்பிடித்த ஆணி நீட்டிக்கொண்டிருக்கும் பலகைக்குப் பக்கத்தில் குழந்தைகளை விடவும் முடியாது. பதினொரு மணிக்கு மகன் கீழே போனான். மகள் பன்னிரண்டு வரை ஒரு நாற்காலியில் உட்கார்ந்து வேடிக்கை பார்த்தாள். முதல் நாளில் குழந்தை செய்யக்கூடிய வேலை எதுவுமே இல்லாத ஒரு திட்டத்தைக் குழந்தைகளுக்காக என்று நான் போட்டிருக்கிறேன் என்பது அப்போதுதான் உறைத்தது.

பிற்பாடு பக்கத்துத் தெருத் தச்சர் சொல்லிக்கொடுத்த வழி எளியது. ஆணியைப் பிடுங்கவே வேண்டாம். குறுக்குக் கட்டைகளின் இரு பக்கமும் ரம்பத்தால் அறுத்துவிட்டால் ஆணி கட்டையோடு நின்றுவிடும், நடுப்பலகை சுத்தமாகக் கைக்கு வரும். ஒரு மீட்டர் நீளப் பலகையிலிருந்து இப்படி ஏறத்தாழ 17 அங்குலத் துண்டுகள் இரண்டு கிடைக்கும். ஆகவே பெட்டியின் நீளத்தை நாம் தீர்மானிப்பதைவிடப் பலகையே தீர்மானிக்கட்டும் என்று விட்டுவிடுவது உத்தமம்.

ஆனால் நான் அந்த ஞாயிறு முழுப் பலகைகளாகவே பிரித்துவிட்டேன்; அதனால் இரண்டடிக்கு ஓரடிப் பெட்டி என்று முடிவு செய்தோம். அடுத்த வாரம் மகள் அளந்து, பென்சில் கோடு போட்டு, அறுத்தாள். நீளப் பக்கம் 24 அங்குலம் இரண்டு, அகலப் பக்கம் 12 அங்குலம் இரண்டு, அடிப்பலகைகள் 12 அங்குலத்தில் ஐந்து. அடித்து முடித்துக் கவிழ்த்து அடிப்பலகையை வைத்தால் அது ஓரத்தை எட்டவில்லை. ஒரு பக்கம் ஆணியடித்தால் மறுபக்கம் இடைவெளி. மூலைமட்டத்தை இரவல் கேட்கப் போன இடத்தில் தச்சர் ஒரே கேள்விதான் கேட்டார்: "பாப்பா, பலகை கனத்தைக் கழிச்சியா?"

தச்சர்கள் அங்குலத்தை எட்டு நூலாகப் பிரித்துச் சொல்வார்கள். எங்கள் பலகையின் கனம் ஆறு நூல், அதாவது முக்கால் அங்குலம். அகலப் பக்கத்துப் பலகைகளை நீளப் பலகைகளுக்கு இடையில் வைத்து அடிக்கும்போது, இரண்டு பக்கமும் ஆறாறு நூல் கூடி, பெட்டி பதின்மூன்றரை அங்குலமாகிவிடுகிறது. அகலப் பக்கத்தைப் பத்தரை அங்குலத்துக்கு அறுத்திருக்க வேண்டும். பள்ளியில் பின்னக் கணக்கோடு மல்லுக்கு நின்றுகொண்டிருந்த பெண், பன்னிரண்டு நூல் என்றால் ஒன்றரை அங்குலம் என்பதைப் பெட்டியைக் கவிழ்த்துப் போட்டுக்கொண்டு தானாகவே சொன்னாள். அந்த வகையில் மரப்பெட்டியை நான் குறை சொல்ல மாட்டேன். கணக்குக்கு இதைவிட நல்ல கரும்பலகை எனக்குத் தெரியாது. 1937 அக்டோபரில் வார்தா மாநாட்டில் காந்தியடிகள் கைத்தொழில் வழியாகவே பாடம் கற்பிக்க வேண்டும் என்று வாதிட்டதன் பொருளை அந்த மாலையில்தான் ஓரளவு புரிந்துகொண்டேன்.

மரப்பெட்டியின் ஆயுளையும் சொல்லிவிட வேண்டும். பூச்சில்லாத பைன் பெட்டி எங்கள் மாடியில் இரண்டு மழைக்காலம் தாங்கியது. மூன்றாவது ஐப்பசியில் அடிப்பலகையை விரலால் அழுத்தினால் உள்ளே போயிற்று. தேக்கில் செய்தால் பல ஆண்டுகள் நிற்கும், ஆனால் குழந்தை தவறாக அறுத்துப் பழகும் மரம் தேக்காக இருக்க வேண்டுமா என்பதை அவரவர் பணப்பை முடிவு செய்யட்டும். மாமரப் பலகை மலிவு. ஆனால் வண்டு துளைத்து மாவாக உதிர்வதில் அதற்கு நிகர் இல்லை. சாதாரண பிளைவுட் தண்ணீர் பட்டதும் ஏடு ஏடாகப் பிரிந்துவிடும். மரத்தைக் காப்பதற்கென்று நம் ஊரில் பழைய எஞ்சின் ஆயிலைப் பூசும் வழக்கம் உண்டு. காய்கறிப் பெட்டிக்கு அதைத் தொடவே கூடாது. வீட்டில் மீந்துபோன பழைய பெயின்டும் வேண்டாம். வீட்டுப் பெயின்டில் ஈயம் பத்து லட்சத்தில் 90 பங்குக்கு மேல் இருக்கக் கூடாது என்ற விதி நம் நாட்டில் 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முந்தைய டப்பாவில் என்ன இருக்கும் என்று சொல்வதற்கில்லை. ஆளிவிதை எண்ணெயை வெளிப்புறம் மட்டும் மெல்லத் துடைத்துக் காயவிட்டு, உட்புறம் துளையிட்ட பாலித்தீன் விரிப்பைப் போட்டு, அதற்குமேல் மண் நிரப்புவது போதுமான காப்பு. எண்ணெய் துடைத்த துணியைச் சுருட்டிப் போட்டால் அது தானாகவே சூடேறித் தீப்பிடிக்கக் கூடும். விரித்துக் காயவைத்த பிறகே குப்பையில் போட வேண்டும்.

ஆக, பெட்டி வழியில் கற்றல் ஆழமானது. ஆனால் முதல் விதை மண்ணில் விழுவதற்குள் மூன்று ஞாயிறுகள் போய்விடும். எங்களுக்குப் போயின. ஆடியில் விதைக்க நினைத்து ஆவணி நடுவில் விதைத்தோம். கத்தரி பூக்கும் தருணத்தில் மழை பிடித்துக்கொண்டது.

மூன்றாவது வழியில் முதல் ஞாயிறே விதைப்பு. இரண்டு பையில் சிறுகீரை, இரண்டில் வெண்டை, ஒரு பெரிய பையில் புடலை. அந்த நிமிடத்திலிருந்து செடிகள் நமக்குக் கெடு வைக்கத் தொடங்கிவிடுகின்றன என்பதே இந்த வழியின் உயிர்நாடி. மரவேலை என்பது யாரும் கேட்காமல் செய்யும் பொழுதுபோக்காக இருக்கும்போது குழந்தை பாதியில் விட்டுவிடுவதற்குத் தடை ஏதும் இல்லை. புடலை மூன்றாவது வாரத்தில் சுருள் கம்பியைப் போலப் பற்றுக்கொடி நீட்டி எதையாவது பிடிக்கத் தேடும்போது, அதற்குள் பந்தல் நின்றாக வேண்டும். எங்கள் கொடி துணி காயப்போடும் கயிற்றைப் பிடித்துக்கொண்டு, ஒரு பள்ளிச் சட்டையின் கைக்குள் நுழைந்துவிட்டதைப் பார்த்த நாளில், மகன் யாரும் சொல்லாமலே மூங்கில் குச்சிகளைத் தூக்கிக்கொண்டு மாடிக்கு ஓடினான்.

பந்தல் மரவேலைகளில் மிக எளியது, ஆணிகூட வேண்டாம். கட்டைவிரல் கனமுள்ள மூங்கிலோ சவுக்குக் குச்சியோ ஆறடி நீளத்தில் நான்கு, குறுக்குக்கு மெல்லிய குச்சிகள், சணல் கயிறு. மூங்கிலைப் பிளப்பதும் அரிவாள் வேலையும் பெரியவருடையது. குழந்தைகளின் பங்கு அளப்பதும், நுனியை உப்புத்தாளால் தேய்ப்பதும், குறுக்குக்கட்டுப் போடுவதும். கயிற்றை நான்கு சுற்றுச் சுற்றி, இரண்டு குச்சிகளுக்கும் நடுவில் மேலும் இரண்டு சுற்று இறுக்கி முடிந்தால் கட்டு நகராது. அந்த நடுச்சுற்றை விட்டுவிட்டால் இரண்டே நாளில் பந்தல் சாய்கோணமாகிவிடும். ஒருமுறை சாயவிட்டுத்தான் எங்கள் வீட்டில் புரிந்தது. பைக்குள் குச்சியை நட்டால் காற்றில் பையோடு சாயும் என்பதால், கைப்பிடிச் சுவரோடு இணைத்துக் கட்ட வேண்டும்.

அதற்கு அடுத்த வேலை நாற்றுத் தட்டு. சந்தையில் 98 குழிகள் கொண்ட பிளாஸ்டிக் குழித்தட்டு மலிவாகவே கிடைக்கிறது. நாற்றின் வேர் கலையாமல் எடுத்து நடுவதில் மரத்தட்டை அது எளிதில் வெல்லும். நாற்றின் எண்ணிக்கையே முக்கியம் என்பவர்கள் குழித்தட்டை வாங்கிக்கொண்டு இந்தப் பத்தியைத் தாண்டிப் போய்விடலாம். ஆனால் ஒரு வீட்டுக்கு 98 கத்தரி நாற்று எதற்கு? 16 அங்குல நீளம், 10 அங்குல அகலம், 3 அங்குல ஆழத்தில் ஒரு மரத்தட்டு ஒன்பது வயதுக் குழந்தையின் இரண்டு மாலை வேலை. மரக்கடையில் ரீப்பர் என்று கேட்டால் கிடைக்கும் மெல்லிய சட்டங்கள் போதும். கடைக்காரரே மூன்று அடி நீளத்துக்கு வெட்டித் தந்துவிடுவார். அடியில் சட்டங்களுக்கு இடையே ஒரு நூல் இடைவெளி விட வேண்டும், நீர் வடிய. ஒரு நூல் என்பதை அளக்க என் மகள் கண்டுபிடித்த கருவி, அடுக்கிப் பிடித்த இரண்டு ஒரு ரூபாய் நாணயங்கள். பலகையின் கனத்தைக் கழிக்கும் கணக்கு இங்கேயும் உண்டு. இங்கே தவறினால் வீணாவது ஒரு சாண் ரீப்பர் மட்டும். பெட்டியில் கற்ற பாடத்தையே மலிவாகக் கற்க இதைவிட நல்ல இடம் இல்லை.

யார் கையில் எந்தக் கருவி என்பதில் மட்டும் நான் விட்டுக்கொடுப்பதில்லை. ஆறு வயதுக்கு உப்புத்தாளும், 200 கிராம் எடையுள்ள சிறிய சுத்தியலும். ஆணியை விரலால் பிடிக்க விடாமல் துணி கிளிப்பால் கவ்விப் பிடிக்கச் சொன்னால் நசுங்குவது கிளிப்தான். ஆணியின் கூர்முனையை முதலில் இரும்பின் மேல் வைத்து ஒரு தட்டுத் தட்டி மழுக்கிவிட்டால் மெல்லிய ரீப்பர் பிளவாது. ஒன்பது, பத்து வயதுக்கு ஹேக்ஸா ரம்பம் பொருத்தமானது. பல் சிறியது, மெதுவாகத்தான் அறுக்கும், ஆனால் கையிலிருந்து துள்ளாது. மரத்தை மேசையோடு கிளாம்ப் போட்டு இறுக்கிய பிறகே அறுக்கத் தொடங்க வேண்டும்; காலால் மிதித்துக்கொண்டு அறுப்பது தச்சருக்குக் கைவந்தது, நமக்கு அல்ல. கண்ணுக்குக் கண்ணாடி இருவருக்கும். உளி, இழைப்புளி, மின் துளைக்கருவி மூன்றும் பெரியவரிடமே இருக்கட்டும். துளையைப் பெரியவர் போட்டுக் கொடுத்தால், சோப்பில் ஒருமுறை தேய்த்த ஸ்க்ரூவைத் திருப்புளியால் முறுக்குவது பிள்ளைகளுக்கு எளிதாக முடிகிறது. மாடியில் மழையில் கிடக்கப்போகும் பொருளுக்குத் துத்தநாக முலாம் பூசிய ஸ்க்ரூவே வேண்டும். சாதாரண ஆணி ஒரே பருவத்தில் பழுப்பு நீரை வடிக்கும்.

முதல் இரண்டு வழிகளும் யாருக்கும் ஆகாதவை என்று நான் சொல்லவில்லை. அடுக்குமாடிக் குடியிருப்பில் ஒரு பால்கனி மட்டுமே உள்ளவர்கள், மாலையில் தட்டும் ஓசைக்குக் கீழ்வீட்டார் முகம் சுளிக்கும் நிலையில் உள்ளவர்கள், நான்கு ஐந்து வயதுக் குழந்தையோடு தொடங்குபவர்கள் ஆகியோர் பையோடு நிறுத்திக்கொள்ளலாம். செடிப் பெயர் எழுதிய ஒரு குச்சியை உப்புத்தாளில் தேய்ப்பதே அந்த வயதுக்குப் போதுமான மரவேலை. பன்னிரண்டு, பதின்மூன்று வயதுப் பிள்ளை இருந்து, அவருக்குச் செடியைவிட ரம்பத்தின் மேல்தான் கண் என்றால் பெட்டியிலிருந்தே தொடங்கலாம். அந்த வயதில் மூன்று ஞாயிறு என்பது நீண்ட காலம் அல்ல. தரையில் மண் உள்ள வீட்டுக்கும் ஒரு வார்த்தை. அங்கே அடிப்பலகை இல்லாத நான்கு பக்கச் சட்டம் மட்டும் போதும் என்பதால் பெட்டி வேலை பாதியாகக் குறைகிறது, எடைக் கவலையும் இல்லை. ஆனால் கரையான் இருக்கும். மரம் மண்ணைத் தொடும் இடமெல்லாம் செங்கல் வரிசை ஒன்று வைத்தால், ஏறிவரும் கரையான் புற்றாவது கண்ணுக்குத் தெரியும்.

சென்னைப் பக்கத்தில் மூன்றாவது வழியை எடுப்பவர்களுக்கு நாட்கணக்கு ஏறத்தாழ இப்படி அமையும். ஆடி முதல் வாரம், அதாவது ஜூலை 20-ஐ ஒட்டி, கீரையும் வெண்டையும் புடலையும் விதைப்பு. ஆகஸ்ட் பத்தாம் தேதிக்குள் குச்சிகள் அறுத்துத் தேய்த்துத் தயாராக இருக்க வேண்டும். சுதந்திர தின விடுமுறையில் பந்தலைக் கட்டிவிடலாம். அந்த வாரத்திலேயே முதல் கீரை அறுவடையும் வந்துவிடும் என்பது தற்செயல்தான், ஆனால் நல்ல தற்செயல். நாற்றுத் தட்டை ஆவணியில் செய்து, அதில் கத்தரியும் தக்காளியும் மிளகாயும் தூவி வைத்தால், மழை தொடங்கும்போது நாற்றுகள் தட்டோடு தாழ்வாரத்துக்குள் நகர்ந்துவிடும். எங்கள் முதல் பெட்டியை அப்படி நகர்த்த இரண்டு ஆள் போதவில்லை. ஐப்பசி முழுதும் மாடியில் வேலை நடக்காது. பைகளின் அடித்துளை அடைபட்டிருக்கிறதா என்று பார்ப்பதும், தட்டுகளில் தேங்கிய நீரைக் கொசு முட்டையிடும் முன் கவிழ்ப்பதும் மட்டுமே குழந்தைகளுக்கு விடக்கூடியவை. மரப்பெட்டி செய்யும் ஆசை அதற்குப் பிறகும் மிச்சமிருந்தால், மார்கழி அரையாண்டு விடுமுறையில் அறுத்து, தைப் பட்டத்துக்கு மண் நிரப்பலாம். எங்கள் இரண்டாவது பெட்டி அப்படி வந்ததுதான்: 17 அங்குல நீளம், அகலப் பக்கம் சரியாகப் பத்தரை, அடிப்பலகை ஓரத்தோடு ஓரம். பதின்மூன்றரை அங்குல அகலத்தில் கோணலாக நின்ற முதல் பெட்டியை, அடி இற்றுப்போன பின் கவிழ்த்துப் போட்டு, மகன் அதன்மேல் ஏறி நின்றுதான் புடலை பறிக்கிறான்.